தலையாட்டினால் புரிந்துவிட்டதா?

செப்டம்பர் 17-ஆம் தேதி சென்னையில் பல கட்டுமான இடங்களில் வேலை ஓடாது. பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் கரண்டி, தூக்குக்குண்டு, கம்பி வளைக்கும் எந்திரம் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்து, விஸ்வகர்மா பூஜை நடத்துவார்கள். நமக்கு ஆயுத பூஜை எப்படியோ, அவர்களுக்கு அது. விவரம் தெரியாத மேலாளர் அதே நாளில்தான் மேல்தளக் கான்கிரீட்டுக்குத் தேதி குறித்திருப்பார். கான்கிரீட்டைப் போட ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் காய்ந்ததும் புதியதும் சரியாக ஒட்டாது, பின்னால் அந்த இடத்தில் தண்ணீர் கசியும். ஆகவே முந்தின நாள் தகராறு. "சொல்லாம கொள்ளாம லீவு போடறானுங்க" என்பார் சூப்பர்வைசர். அவர்கள் சொல்லவில்லை என்பது உண்மைதான். இவரும் கேட்கவில்லையே!

சைட் ஆபீஸ் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் ராகுகாலம், எமகண்டம் எல்லாம் இருக்கும். தீபாவளி முடிந்த ஆறாம் நாள் வரும் சட் பூஜைக்காகப் பீகார்காரர்கள் கூட்டம் கூட்டமாக ரயிலேறுவார்கள் என்பது இருக்காது. மேற்கு வங்கத்தின் மால்டா, முர்ஷிதாபாத் பக்கத்திலிருந்து வந்தவர்களில் கணிசமானோர் முஸ்லிம்கள். நோன்பு மாதத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் மதிய வெயிலில் பத்தாவது மாடிச் சாரத்தில் நிற்பவருக்குத் தலை சுற்றினால் என்ன ஆகும்? உயரத்து வேலையைக் காலையிலேயே முடித்துவிட்டு, மதியம் நிழலில் செய்யும் வேலையைக் கொடுக்கலாம். இதற்குப் பைசா செலவில்லை. வேலைத் திட்டம் போடுகிற நாளிலேயே அவர்களைக் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிக் கேட்கிற மனநிலைக்கு 'பண்பாட்டுப் பணிவு' என்று பெயர். 1998-இல் மெலனி டெர்வலான், ஜான் மர்ரே கார்சியா என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் மருத்துவக் கல்விக்காக முன்வைத்த கருத்து இது. அடுத்தவர் பண்பாட்டை ஒரு பாடமாகப் படித்துத் தேறிவிட்டோம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, நம் கையில் உள்ள அதிகாரத்தையும் நம் மனதில் உள்ள முன்முடிவுகளையும் ஆயுள் முழுக்கச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். மருத்துவமனையைவிடக் கட்டுமானத் தொழிலுக்குத்தான் இது அதிகம் தேவை என்பேன். நம் சைட்டுகளில் ஒடியா, வங்காளி, சந்தாலி, தெலுங்கு பேசும் அத்தனை பேருக்கும் ஒரே பெயர், 'ஹிந்திக்காரன்'.

காலை எட்டு மணிப் பாதுகாப்புக் கூட்டத்தைப் பாருங்கள். எல்லோரும் தலைக்கவசத்தோடு வரிசையில் நிற்பார்கள். சூப்பர்வைசர் பாதித் தமிழ், பாதி உடைந்த இந்தியில் பெல்ட் போடச் சொல்வார். "புரிஞ்சுதா?" என்றதும் எல்லாத் தலையும் ஆடும். கூலி கொடுப்பவர் கேட்கும்போது புரியவில்லை என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? வேண்டுமானால் ஒருவரை முன்னால் அழைத்து பெல்ட்டை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். கொக்கியை அதற்கென்று கட்டிய லைஃப் லைனில் மாட்டாமல், கைக்கு எட்டும் சாரக் குழாயில் மாட்டுவார். அந்தக் குழாய் கழன்றால் பெல்ட்டும் சேர்ந்து விழும். செய்து காட்டச் சொல்வதுதான் மெய்யான பரீட்சை. அதையும் அவர்கள் ஊர் மேஸ்திரி அவர்கள் மொழியிலேயே நடத்தினால் கேள்விகள் தானாக வரும்.

மேலிருந்து கீழே போகும் சொல்லைவிட, கீழிருந்து மேலே வரும் சொல் முக்கியம். சிங்கப்பூரில் 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கோல் நெடுஞ்சாலை அருகே எம்.ஆர்.டி. ரயில் சுரங்கப் பணிக்காகத் தோண்டிய பள்ளம் சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். வடிவமைப்புப் பிழைகள்தான் மூலகாரணம். ஆனால் இரும்புத் தாங்கிகளிலிருந்து வழக்கத்துக்கு மாறான சத்தம் வருவதை வேலையாட்கள் அன்று காலையிலேயே கேட்டிருந்தார்கள். சரிவு நேர்ந்தது பிற்பகல் மூன்றரை மணி வாக்கில். ஹெங் யோவ் பியோவ் என்ற ஃபோர்மேன் தன் ஆட்களை வெளியே விரட்டிக் காப்பாற்றிவிட்டுத் தான் உள்ளே மாட்டிக்கொண்டார். விரிசலையும் சத்தத்தையும் முதலில் அறிபவர் எப்போதும் அடிமட்டத்தில் நிற்கும் ஆள்தான். வாயைத் திறந்தால் திட்டு விழும் இடத்தில் அவர் ஏன் சொல்லப்போகிறார்?

அதே சிங்கப்பூரில் நம் ஊரிலிருந்து போன கட்டுமானத் தொழிலாளி, பாதுகாப்புப் பயிற்சியைத் தமிழிலேயே எடுத்துக்கொள்ள முடிகிறது. வெளியூரில் நாம் வாங்கிக்கொண்ட மரியாதையை உள்ளூரில் கொடுக்க ஏன் கை வரவில்லை?

சட்டம் இந்த மரியாதையை யோசிக்காமல் இல்லை. 1996-இல் வந்த கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, குடிநீர் இருக்கும் இடத்தில் பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் 'குடிநீர்' என்று எழுதி வைக்கச் சொன்னது. கழிப்பறையிலிருந்து ஆறு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றும் சொன்னது. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது இன்னொரு பிரிவு. (பெரும்பான்மைக்குப் புரிந்தால் போதுமா, மீதிப் பேர் எந்தத் தண்ணீரைக் குடிப்பது என்று நான் கேட்பேன். அது வேறு வழக்கு.)

சட்டம் எதுவானாலும், பேச்சு இல்லாத இடத்தில் வதந்திதான் நுழையும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே இங்கே அனுப்பியது, தமிழகக் காவல்துறை மறுப்பு வெளியிட்டது. ஷெட்டில் படுத்திருந்தவர் பயந்துபோய் யாரிடம் கேட்டிருப்பார்? பக்கத்தில் இருக்கும் எஞ்சினியரிடம் ஒரு வார்த்தை கேட்க முடியாதபோது, கைபேசி சொல்வதுதான் உண்மை.

வீடு கட்டுகிறவர்களும் இதில் செய்யக்கூடியது உண்டு. ஒப்பந்தத்தில் டைல்ஸ், குழாய், பெயின்ட் பிராண்டு வரை எழுதி வாங்குகிறீர்கள். தொழிலாளர் தங்கும் ஷெட், கழிப்பறை, அவரவர் மொழியில் பாதுகாப்பு விளக்கம் ஆகியவற்றையும் அதில் ஒரு வரியாகச் சேருங்கள். பில்டர் மறுத்தால் காரணம் கேளுங்கள்.