கொழுந்து போடும் கூச்சல்

லூமூட்டில் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். கடல் உயிரினங்கள் வேதிப்பொருள்களால் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்வதைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்தினாராம். பிள்ளைகள் அதிலேயே கிறங்கிக் கிடக்கிறார்களாம். பள்ளி விடுமுறையில் அவர்களைக் கேமரன் மலைக்கு அழைத்து வரப் போகிறார். "மலையில் இதற்கு இணையாகக் காட்ட ஏதாவது இருக்கிறதா ஐயா?" என்பது கேள்வி.

இருக்கிறது, டீச்சர். கடலில் கிளம்பும் ஒரு வாயுவிலிருந்தே தொடங்கலாம். கடற்காற்றின் வாடையில் பெரும்பங்கு டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தக வாயுவுக்கு உண்டு. மிதக்கும் நுண்பாசிகளைச் சின்னஞ்சிறு கூனி இனங்கள் மேயும்போது பாசியின் உடல் உடைந்து இந்த வாயு கிளம்புகிறது. அமெரிக்க ஆய்வாளர் கேப்ரியல் நெவிட், அண்டார்க்டிக் கடலில் இதைப் பரப்பிப் பார்த்து 1995இல் முடிவை வெளியிட்டார். பெட்ரல் இனத்துக் கடற்பறவைகள் சில அந்த வாடையைப் பிடித்து வந்து சேர்ந்தன. மேயப்படும் பாசியின் வாடை, மேய்கிறவனைத் தின்பவனுக்கு வழிகாட்டுகிறது. ஜப்பானியர் ஆவியில் வேகவைத்துத் தயாரிக்கும் பச்சைத் தேநீரில் மெல்லியதாகக் கடற்பாசி மணம் வருமே, அதற்கும் இதே வாயுதான் காரணம். கொழுந்தில் உள்ள ஒரு பொருள் சூட்டில் உடைந்து அதைத் தருகிறது.

நம் மலையில் பெரும்பாலும் தயாராவது கறுப்புத் தேயிலை. அதன் கதை இன்னும் சுவையானது.

ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கிய நாளில் நம்மவர்கள் கொழுந்தை விரலால் கிள்ளிக் கூடையில் போட்டார்கள். இப்போது பல சரிவுகளில் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நகர்த்தும் வெட்டு மெஷின் ஓடுகிறது. மெஷின் போன நிரைக்குப் பின்னால் நின்று பாருங்கள். புல் வெட்டியது போன்ற பச்சை வாடை குப்பென்று அடிக்கும். வெட்டுப்பட்ட இலை, தன் செல்சவ்வில் இருக்கும் கொழுப்பை உடைத்து நொடிகளில் உருவாக்கும் ஹெக்சனால் வகைப் பொருள்கள் அவை. காற்றில் வரும் அந்த வாடையைப் பக்கத்துச் செடியின் இலைகளும் உள்வாங்குகின்றன. புழு கடித்த தேயிலைச் செடியின் வாடை பட்ட அண்டைச் செடி, தன்னைப் புழு தொடுவதற்கு முன்பே தற்காப்புக்குத் தயாராவதைச் சீன ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

வெட்டிய கொழுந்தை பெக்டரியில் வாட்டுத் தொட்டிகளில் பரப்பிக் காற்று ஊதுகிறார்கள். மணிக்கணக்கில் இலை துவளும்போது பச்சை வாடை அடங்கி, பழமும் பூவும் கலந்த மணம் எழுகிறது. இது எங்கே ஒளிந்திருந்தது? என் பாட்டியின் வெற்றிலைச் செல்லத்தில் பாக்கும் சுண்ணாம்பும் வெற்றிலையும் தனித்தனி அறைகளில் சும்மா கிடக்கும். வாயில் போட்டு மென்றால்தான் சிவக்கும். கொழுந்தும் அப்படித்தான். லினலூல், ஜெரானியால் போன்ற மணப்பொருள்களைச் சர்க்கரையோடு பிணைத்து ஓரிடத்தில் வைத்திருக்கிறது. அந்தப் பிணைப்பை அறுக்கும் நொதியை வேறிடத்தில் வைத்திருக்கிறது. பூச்சி கடித்தோ மெஷின் கசக்கியோ செல் உடைந்தால் இரண்டும் கலந்து மணம் விடுபடும். ஜப்பானின் கன்சோ சகாத்தாவும் அவருடைய குழுவினரும் இந்த நொதியை அடையாளம் கண்டவர்கள். தேயிலையை உருட்டி நசுக்குவதில் நாம் செய்வது, ஆயிரம் பூச்சிகள் ஒரே நேரத்தில் கடிப்பதைத்தான்.

இனி எனக்கு மிகப் பிடித்த பூச்சிக்கு வருகிறேன். பச்சைத் தத்துப்பூச்சி மூன்று மில்லிமீட்டர்கூட இருக்குமா என்பது சந்தேகம். நிறம் கொழுந்தின் நிறமேதான். கிளையைத் தட்டினால் பக்கவாட்டில் நழுவி இலையின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். ஊசி போன்ற வாயால் இளந்தண்டிலும் நரம்பிலும் சாறு உறிஞ்சும். கடிபட்ட கொழுந்து வளராமல் குறுகி, ஓரம் மஞ்சளாகிச் சுருளும். தோட்டக்காரன் கண்ணுக்கு அது நஷ்டம். செடியோ அந்த நேரத்தில் லினலூலையும் ஹோட்ரியனோலையும் இன்னும் சில நறுமணப் பொருள்களையும் வழக்கத்தைவிடப் பல மடங்கு கூட்டித் தயாரிக்கிறது. இப்படிக் கடிபட்ட கொழுந்தின் வாடை, தத்துப்பூச்சியைப் பிடித்துத் தின்னும் குதிக்கும் சிலந்தியை ஈர்ப்பதைச் சீனாவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கடலில் பாசிக்கும் பெட்ரலுக்கும் நடுவே நடக்கும் அதே முக்கோணம், இங்கே ஒரு சாண் கிளையில் நடக்கிறது.

அந்த அபயக்குரலை மனிதன் ருசித்துக் குடிக்கிறான். தைவானின் 'கீழை அழகி' என்ற புகழ்பெற்ற ஊலோங் தேநீருக்குத் தத்துப்பூச்சி கடித்த கொழுந்துதான் வேண்டும். கடிக்காத கொழுந்தில் அந்தத் தேன் மணம் வராது. டார்ஜிலிங்கின் இரண்டாம் பருவக் கொழுந்தில் வரும் திராட்சை மணத்துக்கும் இதன் உறவுக்காரப் பூச்சியைக் காரணம் சொல்கிறார்கள். 1999 செப்டம்பரில் தைவானைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. நான்டோ வட்டாரத்தில் பல தோட்டங்கள் கவனிப்பாரற்றுக் கிடக்க, தத்துப்பூச்சி பெருகியது. கெட்டுப்போனது என்று ஒதுக்காமல் அந்தக் கொழுந்தையும் பதப்படுத்தினார்கள். தேன் மணக்கும் புதிய ஊலோங் வகையொன்று அங்கே பேர் பெற்றது.

எல்லாப் பூச்சியும் இப்படி வரம் தராது. தேயிலைக் கொசு கடித்தால் இலையில் கருப்புப் புள்ளி விழுந்து கொழுந்தே கருகும். தத்துப்பூச்சியும் அளவு மீறினால் விளைச்சல் போய்விடும். ஆனாலும் ஒரு பூச்சியைப் பார்த்த மாத்திரத்தில் மருந்துத் தொட்டியை முதுகில் மாட்டும் பழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. தேயிலையோ காய்கறியோ, கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும் மருந்து பூச்சியோடு சிலந்தியையும் குளவியையும் சேர்த்தே கொல்கிறது. பூச்சி சீக்கிரம் திரும்பி வந்துவிடும். சிலந்தி வர நாளாகும். அதற்குள் செடி எவ்வளவு கூப்பிட்டாலும் வருவதற்கு ஆள் இருக்காது.

மருந்து அடித்தவர்கள் யார் என்பதையும் மறக்கக் கூடாது. பாராகுவாட் களைக்கொல்லியை நம் மலேசியத் தோட்டங்களில் தெளித்தவர்களில் ஏராளமானோர் நம் அம்மாக்களும் அக்காமார்களும். தெனகானித்தா என்ற பெண்கள் உரிமை அமைப்பு அவர்கள் பட்ட பாட்டை 2002இல் அறிக்கையாகவே வெளியிட்டது. அந்த ஆண்டு வந்த தடையை 2006இல் தளர்த்தி, மறுபடி முழுத் தடை போட 2020 வரை இழுத்தார்கள்.

ஆகவே டீச்சர், பிள்ளைகளைத் தொழிற்சாலைக்கு மட்டும் கூட்டிப்போய்த் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். தோட்டத்தாரிடம் சொல்லிக்கொண்டு, காட்டை ஒட்டிய ஓர நிரைக்கு அழைத்துப் போங்கள். காலை வெயில் ஏறிய பிறகு போனால் நல்லது. சிலந்திகள் நடமாடத் தொடங்கியிருக்கும். சுருண்ட கொழுந்து கண்ணில் பட்டால் பறிக்காமல் முதலில் இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.