நுண்ணறிவு ஒன்றா, பலவா?

மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் நடந்த காலத்தில், கரையில் கூடிய வணிகர் முத்துகளைத் துளை அளவால் வேறுபட்ட பித்தளைச் சல்லடைகளில் இட்டுப் பிரிப்பர். உருட்சியையும் ஒளியையும் கண்ணால் மதிப்பர். மஞ்சாடி எடையில் நிறுப்பர். உயர்ந்த முத்தின் விலை எடையோடு நேராக ஏறுவதன்று. எடையின் வர்க்கத்தை ஒட்டி ஏறுவது. ஒத்த தரமுடைய இரு முத்துகளில் ஒன்று மற்றதைவிட இரு மடங்கு எடையுடையதாயின், அதன் விலை நான்கு மடங்காகும். கண்ணும் கையும் கணக்கும் ஒருங்கே தொழிற்படும் இவ்வாற்றலை அறிவு என்னாது வேறு யாதென்பது?

மறிச்சுக்கட்டிக் கரையில் 1905 ஆம் ஆண்டு நடந்த சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அதே ஆண்டில் பாரிசு நகரில், ஆல்பிரெட் பினே என்பாரும் தியோடர் சீமோன் என்பாரும் அறிவை அளப்பதற்கெனச் சோதனை ஒன்றை வகுத்தனர். வகுப்பில் பின்தங்கி, தனி உதவி வேண்டி நிற்கும் பிள்ளைகளைக் கண்டறிவதே அதன் நோக்கம். அறிவு பிறப்பிலேயே வரையறுக்கப்பட்டு மாறாது நிற்பது என்னும் கருத்தைப் பினே மறுத்தார். பின்வந்தோரோ அச்சோதனையிலிருந்து ஓர் எண்ணை வடித்தெடுத்தனர். மன வயதை உண்மை வயதால் வகுத்து 100 ஆல் பெருக்கினால் நுண்ணறிவு ஈவு கிடைக்கும். பத்து வயதுப் பிள்ளை எட்டு வயதினர்க்குரிய வினாக்களுக்கே விடை தருமாயின், அதன் ஈவு 80 எனப்பட்டது.

அவ்வெண் எதனைக் குறிக்கின்றது? இங்கே உளநூலார் பிரிந்தனர். ஒரு பாடத்தில் சிறப்போர் பிற பாடங்களிலும் பெரும்பாலும் சிறக்கக் கண்ட சார்ள்ஸ் ஸ்பியர்மன், எல்லாத் திறன்களுக்கும் அடியில் பொது ஆற்றல் ஒன்று உண்டென 1904 இல் கூறினார். 1938 இல் லூயி தர்ஸ்டன் ஏழு முதன்மைத் திறன்களை வகுத்தார். ரேமண்ட் கட்டெல், புதுச் சிக்கலை அவிழ்க்கும் ஆற்றல் வேறு, கற்றும் பழகியும் திரண்ட அறிவு வேறு என்றார். 1983 இல் ஹவார்ட் கார்ட்னர், இசையும் உடலியக்கமும் தனித்தனி நுண்ணறிவுகளே என்றார். கார்ட்னர் கொள்கைக்குச் சோதனைச் சான்று போதியதாக இல்லை. பொது ஆற்றலின் சுவடோ மீண்டும் மீண்டும் காணப்படுகின்றது.

ஆயினும் ஒருவர் அறிவு முழுவதும் ஒரு வினாத்தாளில் வெளிப்பட்டுவிடும் என்பது இதனால் பெறப்படாது. பிரேசில் நாட்டின் ரெசிபே நகரத் தெருக்களில் பண்டம் விற்ற ஐந்து சிறுவரை ஆய்ந்து 1985 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. விற்பனையிடத்தில் கேட்ட கணக்குகளில் 100க்கு 98 சரியாயின. அதே வகைக் கணக்கை வெறும் எண்களாகத் தாளில் தந்தபோது 100க்கு 37 மட்டுமே சரியாயின. பிள்ளைகள் மாறவில்லை, கேட்ட முறையே மாறிற்று. பேசாலையிலும் தலைமன்னாரிலும் சோளகமும் வாடையும் மாறும் குறியறிந்து வலை விடுவோரின் அறிவும் இத்தகையதே. கட்டெல் கூறிய திரண்ட அறிவு அது. அதனை வினவும் தாள் பள்ளியில் இல்லை.

இது வெறும் கொள்கைப் பூசலன்று. இலங்கையில் பத்து வயதையொட்டிய பிள்ளைகள் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகின்றனர். குறைந்த புள்ளி பெற்ற பிள்ளையை மந்தமென ஊரும் வீடும் முடிவு கட்டிவிடுதல் எளிது. 2009 இல் முடிவுற்ற போரும் இடப்பெயர்வும் மன்னார்ப் பிள்ளைகள் பலரின் கல்வியை ஆண்டுக்கணக்கில் குலைத்தன. அக்குலைவு அறிவுச் சோதனையையும் தொடுவதே. 6 இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி 2018 இல் வெளிவந்த முடிவின்படி, கூடுதலாகக் கற்ற ஒவ்வோர் ஆண்டும் நுண்ணறிவு ஈவை ஏறத்தாழ 1 முதல் 5 புள்ளி வரை உயர்த்துகின்றது.

எனவே பள்ளி அறிவை அளப்பது மட்டுமன்று, வளர்ப்பதுமாகும். குறைந்த புள்ளி ஒரு பிள்ளையின் மீது எழுதிய தீர்ப்பாகாது. இப்பிள்ளைக்கு இன்னும் கற்பிக்க வேண்டும் என்று ஆசிரியர்க்கு விடுக்கும் அறிவிப்பு அது. பினே தம் சோதனையை வகுத்ததும் அதற்காகவே.