துப்பறியும் கதையும் எழுத்துரிமையும்

பிழைப்பை நாடிப் பெங்களூரில் குடியேறிய நம் இல்லங்களில் திருக்குறளுக்கும் கம்பனுக்கும் அலமாரியில் இடம் உண்டு. துப்பறியும் நவீனங்களுக்கோ தலையணைக்கு அடியில்தான் இடம். அவற்றை ஒளித்துப் படித்த பிள்ளைகளைக் கண்டித்த பெரியவர்களே, பறிமுதல் செய்த நூலை இரவில் படித்து முடித்ததையும் நாம் அறிவோம். ஜே. ஆர். ரங்கராஜு 1908-இல் 'இராஜாம்பாள்' எழுதிய காலந்தொட்டே இவ்வகை நூல்களுக்கு வசையும் குறையவில்லை, விற்பனையும் குறையவில்லை.

இவற்றை எழுத்துரிமை என்னும் பெருஞ்சொல்லோடு சேர்த்துப் பேசுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். இத்தாலியில் நடந்ததை அவ்வன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். மொண்டதோரி பதிப்பகத்தார் மஞ்சள் அட்டையிட்டு வெளியிட்டு வந்த துப்பறியும் கதை வரிசையை முசோலினியின் அரசு 1941-இல் நிறுத்திவிட்டது. கொலைக் கதைக்கு ஒரு சர்வாதிகாரி அஞ்சுவானேன்? இக்கதைகளில் ஐயத்துக்கு அப்பாற்பட்டவர் எவருமிலர். ஊர்ப் பெரிய மனிதரே குற்றவாளியாக இருக்கலாம். காவல் அதிகாரி தவறான ஆளைப் பிடித்திருக்கலாம். தன் ஆட்சியில் யாவும் செம்மை எனப் பறைசாற்றுவோருக்கு இது எங்ஙனம் பிடிக்கும்?

நியூயார்க்கில் ஆட்டோ பென்ஸ்லர் 1979-இல் தொடங்கிய 'மிஸ்டீரியஸ் புக்‌ஷாப்' இத்தகைய நூல்களுக்கென்றே அமைந்த கடை. இலண்டனில் 'மர்டர் ஒன்' என்றொரு கடை 1988 முதல் இயங்கி 2009-இல் மூடப்பட்டது. அதே 2009-இல்தான் நம் நகரில், டி. எஸ். ஷான்பாக் 1971-இல் தொடங்கிய பிரீமியர் புத்தகக் கடையும் மூடப்பட்டது. அது எல்லாத் துறை நூல்களுக்குமான கடை. இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் பின்வாங்க வேண்டிய இடுக்கில், மலைபோல் குவிந்த நூல்களுக்கிடையே, கேட்ட நூலை அவர் எடுத்துத் தருவார். கே. பி. கே. ராவ் 1945-இல் தொடங்கிய செலக்ட், சர்ச் தெருவிலுள்ள பிளாசம் ஆகியவையும் தனி மனிதர் முயற்சியால் எழுந்தவையே. எதை விற்பது என்பதை ஒவ்வொரு கடைக்காரரும் தாமே முடிவு செய்வதில் ஒரு காப்பு இருக்கிறது. ஒருவர் அஞ்சியோ வெறுத்தோ ஒதுக்கும் நூல், அடுத்தவர் கடையில் கிடைத்துவிடும்.

ஆயினும், நூல் முதலில் எழுதப்பட வேண்டுமே!

ஜாலஹள்ளியிலுள்ள பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியியலாளராகப் பணியாற்றிக்கொண்டே, கணேஷ், வசந்த் என்னும் வழக்கறிஞர்களைக் கொண்டு துப்பறியும் கதைகள் படைத்தவர் சுஜாதா. நம்மைப் போன்றே பெங்களூருக்கு வந்து வாழ்ந்தவர். 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில், 'கருப்பு சிவப்பு வெளுப்பு' என்ற சரித்திரத் தொடரைக் குமுதத்தில் அவர் தொடங்கினார். அது தங்களை இழிவுபடுத்துகிறது என ஒரு சமூகத்தார் கொதித்தனர். கண்டனத்தோடு மிரட்டலும் வந்தது. தொடர் நின்றது. பின்னர்க் கதையை மாற்றி 'ரத்தம் ஒரே நிறம்' என எழுதினார். மனம் புண்பட்டோர் மறுத்து எழுதியிருக்கலாம். அவ்வுரிமை அவர்களுக்கு முழுமையாக உண்டு. அரசு தடை விதிக்கவில்லை, மிரட்டலே போதியதாயிற்று.

1989-இல் 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்த் திரைப்பட வழக்கில், ஆர்ப்பாட்டமும் வன்முறையும் நிகழும் என்னும் அச்சுறுத்தலுக்காகக் கருத்துரிமையை ஒடுக்கலாகாது, அதைக் காப்பது அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை எழுதிய நீதிபதி கே. ஜெகந்நாத ஷெட்டி கர்நாடகத்தவர் என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி.

எதிர்ப்புக்கு அஞ்சி ஒன்றை மூடிவைப்பதன் வலி நமக்குப் புதிதன்று. அல்சூர் ஏரிக்கரையில் நம் வள்ளுவர் சிலை 1991 முதல் 2009 ஆகஸ்டு 9 வரை திறக்கப்படாமல் மூடியே நின்றது. அவ்வழியே செல்லுந்தோறும் தலைகுனிந்த நாம், தமிழரே ஒரு தமிழ் எழுத்தாளரின் கதையை மூடச் செய்ததற்கு அத்துணை வருந்தினோமா என்று கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

'ரத்தம் ஒரே நிறம்' இன்றும் கடைகளில் கிடைக்கிறது. முதலில் தொடங்கிய வடிவில் அக்கதை எவ்வாறு முடிந்திருக்கும் என்பதை மட்டும் எந்தக் கடையிலும் வாங்கிப் படிக்க இயலாது.