கடைசி ஓவரும் நமது எதிர்பார்ப்பும்

2023ஆம் ஆண்டு மே 30, விடியற்காலை நான்கு மணி. ரவாங்கில் நண்பன் வீட்டு வரவேற்பறையில் எட்டுப் பேர் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தோம். அகமதாபாத்தில் மழையால் ஒரு நாள் தள்ளிப்போன ஐபிஎல் இறுதியாட்டம் முடியும் தறுவாயில் இருந்தது. சென்னை அணிக்குக் கடைசி ஓவரில் 13 ஓட்டங்கள் தேவை. பந்து வீச வந்தவர் குஜராத் அணியின் மோகித் சர்மா. முதல் நான்கு பந்துகளில் அவர் கொடுத்தவை மூன்றே ஓட்டங்கள். ஐந்தாவது பந்தை ஜடேஜா ஆறுக்கு அனுப்பினார். ஆறாவது பந்தை நான்குக்கு. அக்கம்பக்கத்தார் எழுந்துவிடும் அளவுக்குக் கத்தினோம்.

வீடு திரும்பும்போதுதான் ஒரு கேள்வி உறுத்தியது. மோகித் சர்மா 2022இல் அதே அணியின் வலைப்பயிற்சியில் மட்டும் பந்து வீசியவர். மறு ஆண்டு களம் இறங்கி, அத்தொடரில் 27 விக்கெட்டுகள் எடுத்தார். ஆயினும் நம் நினைவில் நிற்பவை அவருடைய கடைசி இரண்டு பந்துகள் மட்டுமே. இது நியாயமா?

இக்கேள்வி கிரிக்கெட்டுக்கு மட்டும் உரியதன்று. பேஸ்பால் ஆட்டத்தில், தொடக்க வீச்சாளர் களைத்த பின் மாற்று வீச்சாளர்கள் இறங்குவார்கள். அவர்களுள் ஒருவர், முன்னிலையில் இருக்கும் தன் அணியைக் காப்பதற்காகவே பெரும்பாலும் ஒன்பதாவது சுற்றில், அதாவது கடைசிச் சுற்றில் வருவார். காத்துக் கொடுத்தால் அது அவர் கடமை. கோட்டைவிட்டால் அரங்கமே அவரை ஏசும். நியூயார்க் யாங்கீஸ் அணியின் மரியானோ ரிவேரா இவ்வாறு 652 ஆட்டங்களைக் காத்தவர். 2019இல் ஒரு வாக்குகூடக் குறையாமல் பேஸ்பால் புகழ் மண்டபத்திற்குத் தேர்வான முதல் வீரர். அவரே 2001 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், கடைசிச் சுற்றில் 2-1 என்ற முன்னிலையைப் பறிகொடுத்தார். யானைக்கும் அடி சறுக்கும்.

கடைசி ஓவர் ஏன் இவ்வளவு கடினம்? மட்டையாளரின் காலடியில் விழும் யார்க்கர்தான் அங்கே முக்கிய ஆயுதம். அது சற்று முன்னால் விழுந்தால் தூக்கி அடிக்க வசதி. தரையில் படாமல் போனால் இன்னும் வசதி. இரவுப் பனியில் பந்து நனைந்தால் விரல் வழுக்கும். வட்டத்துக்கு வெளியே ஐந்து பேரை மட்டுமே நிறுத்தலாம். தவறு செய்த மட்டையாளர் வெளியேறி அமர்ந்துவிடுகிறார். அடி வாங்கிய வீச்சாளரோ திரும்பி நடந்து, அதே கூச்சலுக்கு நடுவே அடுத்த பந்தை வீசியாக வேண்டும். அவர் தவற்றைச் சரிசெய்ய அவருக்குப் பின்னால் எவரும் இல்லை.

விலை கூடினால் எதிர்பார்ப்பும் கூடுகிறது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜனைப் பஞ்சாப் அணி 2017இல் 3 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. ஆறு ஆட்டங்களில் அவருக்குக் கிடைத்தவை 2 விக்கெட்டுகள். அடுத்த இரு பருவங்களில் ஐதராபாத் அணியில் இருந்தும் களம் காணவில்லை. 2020இல் அவருடைய யார்க்கர்கள் பேசின. அடுத்து வந்த ஆஸ்திரேலியப் பயணத்தில், ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். 2017இல் நாம் எழுதிய தீர்ப்பே இறுதியானது என்றால், அந்தப் பந்துகளை நாம் பார்த்தே இருக்க மாட்டோம்.

இவ்வளவும் எழுதும் நான் செய்தது என்ன? சென்ற ஆண்டு ரவாங்கில் ஒரு திடலில் ஐந்து ஓவர் போட்டி. அணித்தலைவன் நான். கடைசி ஓவரை இளையவன் ஒருவனிடம் கொடுத்தேன். 9 ஓட்டங்களைக் காக்க முடியாமல் தோற்றோம். "உன்கிட்டப் போய் பந்தக் கொடுத்தேன் பாரு!" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். "சாரி அண்ணே" என்றவன் அதன்பின் திடலுக்கு வரவில்லை. பந்தை வாங்க மற்றவர்கள் தயங்கியபோது கையை நீட்டியவன் அவன்தான் என்பது பிறகே நினைவுக்கு வந்தது.

எதிர்பார்ப்பது தவறில்லை, நண்பர்களே. தொடர்ந்து சொதப்புபவரை மாற்றுவதும் தலைவரின் உரிமையே. ஆனால், எதிர்பார்க்க வேண்டியது சரியான பந்தை வீசும் முயற்சியை, முடிவை அன்று. முடிவில் எதிரே நிற்பவனுக்கும் பங்குண்டு. இதை அவனிடமும் நேரில் சொல்லி, மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.