‘எல்லாம் மனசுலதான்’ என்றால் வலிக்காதா?

ரோமாபுரிச் சீமாட்டிகள் நம்ம கொற்கை முத்துக்கு ஆசைப்பட்டுக் காசைக் கொட்டிக் கொண்டிருந்த முதல் நூற்றாண்டு. அதே ரோமாபுரியில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்று ஒரு வைத்தியர் இருந்தார். ‘தீராத தலைவலி’ என்று யாராவது வந்தால் மாத்திரை, கஷாயம் எல்லாம் கிடையாது. உயிரோடு ஒரு மீனைக் கொண்டுவரச் சொல்லி, வலிக்கிற இடத்திலேயே வைத்துவிடுவார்! சுரீர் என்று ஒரு ஷாக். அந்த இடம் மரத்துப் போகும். வலியும் அடங்கும் என்று எழுதியே வைத்திருக்கிறார்.

மீனின் பெயர் மின்சாரத் திருக்கை. அதன் சொந்தக்காரர்கள் நம்ம மன்னார் வளைகுடாவிலும் உண்டு. மண்டைக்குக் கரண்ட் காட்டி வலியைக் குறைக்கிற இன்றைய வைத்தியத்துக்குத் தாத்தா இந்த மீன்தான்.

இப்போது எதற்கு இந்தப் புராணம் என்கிறீர்களா? எங்கள் முத்தையாபுரத்தில் வலிக்குப் பஞ்சமே கிடையாது, சார். ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் துறைமுகம். எந்தத் தெருவில் நுழைந்தாலும் தைல வாசனை நம்மை வரவேற்கும்! எதிர்த்த வீட்டு அக்கா இருபது வருஷம் அளத்தில் உப்பு சுமந்தவர். வேலையை விட்டு மூன்று வருஷமாகியும் முதுகுவலி விடவில்லை. நகையை அடகு வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். படத்தில் ஒன்றுமில்லை. “எல்லாம் உங்க மனசுலதாம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டார் ஒரு டாக்டர்.

அன்றிலிருந்து வீட்டில் அவர் முனகினால்கூட, “வேலைக்குப் பயந்து நடிக்கா” என்று பேச்சு. “நீயே சொல்லு தம்பி, நான் பொய்யா சொல்லுதேன்?” என்று அக்கா கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. அந்த வேகத்தில்தான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அக்கா பொய் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. அடிபட்ட இடம் ஆறிய பிறகும் வலி தொடரலாம். வெளிப்படையாகக் காரணம் எதுவும் தெரியாமலும் இருக்கலாம். அப்படிப்பட்ட வலியும் தனி வியாதிதான் என்று உலக சுகாதார நிறுவனமே 2022-ல் அமலுக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் ஏற்றிவிட்டது.

கல்யாண வீட்டு மைக் செட்டைப் பார்த்திருப்பீர்கள். வால்யூமை ஏற்றிவிட்டால், யாரும் பேசாமலே ‘குய்ய்ங்’ என்று அலறும். மைக் பொய் சொல்கிறதா என்ன? நரம்பும் மூளையும் அப்படித்தான். பல வருஷம் வலியைக் கேட்டுக் கேட்டு, திருகாணி உச்சத்திலேயே மாட்டிக் கொள்கிறது. முதுகைத் தடவிக் கொண்டிருந்தால் மட்டும் போதாது, திருகாணி இருக்கிற இடத்துக்கும் போக வேண்டும்.

அந்த வழியில் போனவர்களில் ஒருவர் ஜப்பானைச் சேர்ந்த சுபோகாவா. பக்கவாதத்துக்குப் பின் வரும் கொடிய வலிக்காக, கைகால்களை அசைக்க உத்தரவு போடுகிற மூளைப் பகுதியின் மேல் கம்பி வைத்து மெல்லிய மின்சாரம் கொடுத்தார். 1991-ல் அதை வெளியிட்டார். ஆனால் மண்டையைத் திறக்க வேண்டுமே! அதற்கும் வழி ஏற்கெனவே கிடைத்திருந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1985-ல் ஆன்டனி பார்க்கர் குழுவினர், தலைக்கு வெளியே ஒரு காந்தச் சுருளைப் பிடித்தே உள்ளே மூளையைத் தூண்டிக் காட்டியிருந்தார்கள்.

‘ஐயையோ, ஷாக் ட்ரீட்மென்டா?’ என்று பதற வேண்டாம். அது வேறு, இது வேறு. இதில் மயக்க மருந்து இல்லை, வலிப்பு வரவைப்பதும் இல்லை. நாற்காலியில் முழித்தபடி உட்கார்ந்திருக்கலாம். மரங்கொத்தி கொத்துவது போல் ‘டக் டக் டக்’ சத்தம். அரைமணி நேரத்தில் எழுந்து வீட்டுக்கு வரலாம். நரம்பு பழுதுபட்டு வரும் வலிக்குத்தான் இதில் ஓரளவு நல்ல பலன் தெரிந்திருக்கிறது. எல்லோருக்கும் கேட்பதில்லை. கேட்டவர்களுக்கும் சில வாரங்களில் மங்கிவிடும், திரும்பப் போக வேண்டும்.

இன்னொரு வழி ஹிப்னாடிசம். சினிமாவில் சங்கிலியை ஆட்டி, ‘தூங்கு... தூங்கு’ என்று வில்லன் சொத்தை எழுதி வாங்குவாரே, அதனால் கெட்ட பெயர் எடுத்த வித்தை. ஆனால் நம் நாட்டில் இதற்குப் பெரிய சரித்திரமே இருக்கிறது. 1845-ல் வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து டாக்டர், சிறைக்கைதி ஒருவரை ‘மெஸ்மெரிசம்’ செய்து ஆபரேஷன் செய்தார். மயக்க மருந்தே வராத காலம்! அப்புறம் நூற்றுக்கணக்கான ஆபரேஷன்கள். இருட்டறையில் நோயாளியின் உடம்புக்கு மேலே மணிக்கணக்கில் கையை நீவி நீவி உறங்க வைத்தவர்கள் அவருடைய இந்திய உதவியாளர்கள்தான். பேர் மட்டும் துரைக்கு! 1846-ல் கல்கத்தாவில் இதற்கென்றே ஓர் ஆஸ்பத்திரி திறந்தார்கள். சீக்கிரமே ஈதரும் குளோரோஃபார்மும் வந்து இறங்க, வித்தை மூலைக்குப் போனது.

அவ்வளவு தூரம் ஏன்? எங்கள் கரையில் முத்துக் குளித்த காலத்தில் சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதற்கென்றே ஆள் இருந்தார். கடல்கட்டி என்பார்கள். இப்படி மந்திரம் போடுகிறவருக்கு இருபதில் ஒரு பங்கு முத்து கூலி என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். சுறாவைக் கட்டினாரோ இல்லையோ, குளிப்பவரின் பயத்தைக் கட்டினார் என்பது என் கட்சி. சொல்லுக்கு அந்த வேலை தெரியும்.

அது மூளைக்குள் எங்கே நடக்கிறது என்பதை 1997-ல் ரேன்வில் குழுவினர் கனடாவில் படம் பிடித்தார்கள். 47 டிகிரி வெந்நீரில் கையை வைக்கச் சொல்லி, ஹிப்னாடிச நிலையில் ‘வேதனை குறைகிறது’ என்றார்கள். சூட்டை உணரும் பகுதி வழக்கம்போல வேலை செய்தது. வேதனைப்படுகிற பகுதி மட்டும் அடங்கியது! ஆக, அந்த டாக்டர் சொன்ன ‘மனசு’ வெறும் காற்றல்ல, படத்தில் விழுகிற சதைதான்.

இதையெல்லாம் அக்காவின் வீட்டுக்காரரிடம் அப்படியே சொன்னேன். வாயில் பீடியோடு கேட்டவர், “அப்போ இத்தனை நாளும் நிசமாவே வலிச்சிருக்கா?” என்றார். மறுநாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணிக் குழாய்க்கு அவரே வந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. அக்கா இப்போது உடற்பயிற்சிக்குப் போகிறார். வலி போகவில்லை. மாத்திரை ஒன்று குறைந்திருக்கிறது.

காந்த மெஷினுக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டில் அது பெரும்பாலும் மனச்சோர்வுக்குத்தான் ஓடுகிறது. பெங்களூர் நிம்ஹான்ஸில் உண்டு. வலிப்பு நோய் உள்ளவர்கள், தலைக்குள் உலோகக் கிளிப், காதுக் கருவி வைத்தவர்கள், இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஹிப்னாடிசத்துக்குப் போவதென்றால் அதில் பயிற்சி பெற்ற மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ மட்டும் போங்கள். ‘ஒரே சிட்டிங்கில் சகல வலிகளும் பறந்துபோகும்’ என்று லாட்ஜில் ரூம் போட்டுக் கூப்பிடுகிறவர் கண்ணில் பட்டால், பர்ஸை உள்பாக்கெட்டுக்கு மாற்றிக் கொள்ளுங்கள்!