தீப்புண் நேரும் பருவமும் வேளையும்

தீ விபத்து எந்நாளும் எவ்வேளையிலும் நேரக்கூடியது என்பது பொதுவான எண்ணம். ஆயினும், மருத்துவமனைப் பதிவேடுகளை மாதவாரியாகவும் மணிவாரியாகவும் பகுத்து ஆராய்ந்தால், வயதுவந்தோருக்கு உண்டாகும் கடுமையான தீப்புண்கள் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் நிகழ்வதில்லை என்பது புலனாகும். மக்கள் தீயை எப்போது, எங்கே, எவ்வாறு கையாளுகிறார்களோ, அதனையொட்டியே அவை மிகுந்தும் குறைந்தும் வருகின்றன. முன்கூட்டி அறியத்தக்க ஆபத்து எதுவும் பெருமளவு தடுக்கத்தக்கதே. கிராம ஊழியர்களும் ஆசிரியர்களும் இப்பொருளை அறிந்திருக்க வேண்டுவதன் காரணம் இதுவே.

ஆண்டுதோறும் உலகில் ஏறக்குறைய 1,80,000 பேர் தீப்புண்ணால் இறக்கின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இந்தியாவில் 2001-ஆம் ஆண்டில் மட்டும் தீயினால் 1,63,000-க்கு மேற்பட்டோர் மாண்டிருக்கலாம் என 2009-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் நூற்றுக்கு 65 பேர் பெண்கள். அப்பெண்களிலும் பெரும்பாலோர் 15 முதல் 34 வயது வரையிலானவர்கள்.

எல்லைப்புறத்தின் இயல்பு

1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுக்காக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே எல்லைக்கோடு செல்லினும், இருபுறத்துப் பயிர்த்தொழிலும் அடுப்பும் திருவிழாவும் ஒரே தன்மையனவாகவே உள்ளன. தீயின் பருவங்களும் இருபுறத்திற்கும் பொதுவானவை.

உலர்ந்த மாதங்கள்

மார்கழி முதல் சித்திரை வரை இப்பகுதியில் மழை குறைவு. தென்னை ஓலையும் சருகும் நன்றாக உலர்ந்துவிடுகின்றன. குளிர்ந்த காலை வேளையில் முற்றத்துச் சருகைக் கூட்டி எரிப்பதும், முதியோர் அதனருகே அமர்ந்து குளிர்காய்வதும் வழக்கம். வேட்டியின் நுனியிலோ சேலை முந்தானையிலோ தீப்பற்றினால், விரைந்து எழுந்து அதனை அவிழ்க்கும் வலிமை முதியோருக்கு இராது. வலிப்பு நோயுடையோர் தீயருகே தனித்திருப்பதும் இவ்வாறே ஆபத்தானது.

கோடையில் பனையேறும் குடும்பங்களில் அக்கானி காய்ச்சும் வேலை நடைபெறும். நீர் கொதிநிலையில் 100 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுவதில்லை. கருப்பட்டிப் பாகோ பதம் நெருங்குகையில் அதனினும் மிகுந்த வெப்பத்தை அடைகிறது. அன்றியும் தோலில் பட்டால் வழிந்தோடாது ஒட்டிக்கொள்கிறது. தோலைப் புண்ணாக்குவது வெப்பத்தின் அளவு மட்டுமன்று, அது தங்கும் நேரமும் ஆகும். 44 டிகிரியில் தோல் கேடுற ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகுமெனில், 60 டிகிரியில் சில விநாடிகளும், 70 டிகிரியில் ஒரு விநாடியும் போதும். ஆகவே ஒட்டிக்கொள்ளும் பாகு ஆழமான புண்ணை உண்டாக்குகிறது. ஓலைக்கூரையின் கீழ்க் காய்ச்சுவோர் தீப்பொறியையும் அஞ்சவேண்டும்.

இம்மாதங்களே கோயில் திருவிழாக்களின் காலமும் ஆகும். திருவனந்தபுரத்து ஆற்றுகால் பொங்கலையன்று இலட்சக்கணக்கான பெண்கள் தெருக்களில் நெருங்கி அமர்ந்து செங்கல் அடுப்பு மூட்டுகின்றனர். மடித்துச் செருகிய பருத்தி ஆடையும் அடுப்புகளுக்கிடையே போதிய இடைவெளியும் அங்குப் பெரும் பாதுகாப்பாகும். வாண வேடிக்கையின் அபாயத்திற்கு, கொல்லம் மாவட்டத்துப் பரவூர் புற்றிங்கல் கோயிலில் 2016 ஏப்ரல் 10-ஆம் நாள் விடியற்காலையில் நேர்ந்த விபத்து சான்று. சேமித்து வைத்திருந்த வெடிகள் ஒருங்கே வெடித்தமையால் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

மாவும் பலாவும் காய்க்கும் பருவத்தில் மற்றொரு தீங்கு உண்டு. இரும்புத் தோட்டியும் அலுமினிய ஏணியும் மின்கம்பியில் பட்டால், மின்சாரம் உடலினுள் பாய்ந்து தசையைக் கருக்குகிறது. வெளியே காணும் புண் சிறிதாயினும் உள்ளே கேடு பெரிதாக இருக்கும். உலர்ந்த மூங்கில் தோட்டியாயினும், மின்கம்பிக்கு அருகில் அதனைப் பயன்படுத்துதல் கூடாது.

மழைக்காலம்

மழை தீயை அணைக்கும். ஆனால் தீ விபத்தை ஒழிப்பதில்லை. இடவப்பாதியில் விறகு ஈரமாகி அடுப்புப் பற்றாது புகைகையில், கனலின்மேல் மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கம் தலையெடுக்கிறது. சூடேறிய மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்றி, ஊற்றும் பாத்திரம் வரை தாவிவருகிறது. அதில் பெட்ரோல் கலந்திருப்பின் அபாயம் பன்மடங்காகும்; ஏனெனில் பெட்ரோல் சாதாரண வெப்பநிலையிலேயே எரியத்தக்க ஆவியை விடுவது. துணிகளை அடுப்பின்மேல் உலர்த்துவதும் இக்காலத் தவறே. சித்திரை, வைகாசி மாதங்களிலும் துலா மழையிலும் பிற்பகல் முதல் முன்னிரவு வரை இடி மின்னல் மிகுதி. அவ்வேளையில் திறந்த வெளியிலும் மரத்தடியிலும் நிற்றல் தகாது.

நாளின் வேளைகள்

சமையலறையில் நேரும் விபத்துகள் பெரும்பாலும் காலைச் சமையலையும் மாலைச் சமையலையும் சார்ந்தே நிகழ்கின்றன. வேலைக்கும் பள்ளிக்கும் விரைய வேண்டிய அவசரம், மங்கிய ஒளி, உடற்சோர்வு ஆகியன சேரும் வேளைகள் அவையே. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. இரவில் கசிந்தால், மூடிய அறையின் தரைமட்டத்தில் தேங்கி நிற்கும். விடியலில் முதல் தீக்குச்சியோ, மின்விளக்கின் சுவிட்சில் எழும் சிறு பொறியோ அதனைப் பற்றவைத்துவிடும். அறையில் வாயுவின் நாற்றம் தெரிந்தால் சுவிட்சைத் தொடாமல், கதவு சன்னல்களைத் திறந்து, உருளையின் திருகை மூடி, வெளியேறுதல் வேண்டும்.

கடுமையை அளத்தல்

வயதுவந்தவரின் உடற்பரப்பில் தலை 9 பங்கு, கை ஒவ்வொன்றும் 9, கால் ஒவ்வொன்றும் 18, உடலின் முன்புறம் 18, பின்புறம் 18, மறைவிடம் 1 என நூற்றுக்குக் கணக்கிடப்படுகிறது. நோயாளியின் விரல்கள் சேர்ந்த உள்ளங்கை ஏறக்குறைய 1 பங்கு. புண் 15 முதல் 20 பங்கைத் தாண்டினால், இரத்தத்தின் நீர்ப்பகுதி திசுக்களில் கசிந்து உயிருக்கே ஆபத்தாகும். நரம்பு வழியே திரவம் செலுத்துதல் இன்றியமையாதது. முகம், கை, மறைவிடம் ஆகியவற்றில் ஏற்படும் புண்ணும், மூடிய அறையில் புகை உண்டவரின் நிலையும், பரப்புக் குறைவாயினும் கடுமையானவையே.

முதலுதவி

ஆடையில் தீப்பற்றினால் ஓடலாகாது; தரையில் படுத்துப் புரளவேண்டும். பின்னர்ப் புண்ணின்மேல் குளிர்ந்த ஓடும் நீரை 20 நிமிடம் விடவேண்டும். புண் பட்டு மூன்று மணி நேரம் வரையிலும் இது பயன் தரும். பனிக்கட்டி கூடாது. வளையல், மோதிரங்களை வீங்குமுன் கழற்றி, தூய துணியால் மூடி, உடலின் மற்றப் பகுதியைக் குளிராது போர்த்துதல் வேண்டும். பற்பசை, மை, எண்ணெய், சாணம் முதலியவற்றைப் பூசுதல் தீது. மின்சாரம் பாய்ந்தவரைத் தொடுமுன் மின்னோட்டத்தை நிறுத்தவேண்டும். 108 என்னும் எண்ணில் ஆம்புலன்ஸ் எல்லையின் இருபுறமும் கிடைக்கும்.

ஊழியர் பதிவு செய்யவேண்டியவை

பாறசாலைப் பகுதியில் புண்பட்டவர் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்குச் செல்வர். எல்லைக்கு அப்பாலுள்ளவர் ஆசாரிப்பள்ளத்திற்குச் செல்லக்கூடும். ஒரே பருவத்தின் விபத்துகள் இரு மாநிலப் பதிவேடுகளில் பிரிந்துவிடுவதால், கிராம அளவிலான குறிப்பு மிக இன்றியமையாததாகிறது. நாள், மணி, இடம், வயது, பாலினம், தீயின் மூலம், உடுத்திருந்த ஆடை, செய்த முதலுதவி, மருத்துவமனை சேர்ந்த நேரம் ஆகிய ஒன்பதையும் குறித்தல் போதும். ஓராண்டுக் குறிப்பே அவ்வூரின் ஆபத்தான மாதங்களைக் காட்டத் தொடங்கும்.

இதில் ஒரு கடமை தனித்துக் கூறத்தக்கது. ஒவ்வொரு தீப்புண்ணும் விபத்தன்று. சமையல் நடவாத வேளையில், அடுப்பு வெடித்ததென்று கூறப்பட்டு, அவ்வடுப்பு சிதையாமலிருக்குமாயின், அம்முரண்பாட்டையும் உள்ளவாறே எழுதவேண்டும். ஊழியர் தீர்ப்புக் கூறுபவர் அல்லர். ஆயினும் புண்பட்ட பெண் தன் உறவினர் அருகில் இல்லாதபோது மருத்துவரிடம் பேச வாய்ப்புப் பெறுதல் வேண்டும். பெண்கள் உதவிக்கான 181 என்னும் எண்ணையும் அவள் அறியச்செய்தல் நலம்.

ஆசிரியர்கள் உலர்மாதங்கள் தொடங்குமுன் ஒருமுறையும், இடவப்பாதிக்கு முன் ஒருமுறையும் இவற்றை மாணவர்க்கு விளக்கலாம். புண்ணில் மை தடவாது நீர் விடவேண்டும் என்று கற்ற சிறுவன், தன் வீட்டு அடுப்பங்கரையில் அதனை எடுத்துச்சொல்ல வல்லவனாவான்.