உங்களுக்குத் தெரியுமா? ஐந்து விநாடி இனாம்!

யூடியூபில் நாம் தேடிச் சென்ற காட்சிக்கு முன்னே வழிமறித்து நிற்கும் விளம்பரத்தை, ஐந்து விநாடி பொறுத்திருந்து 'ஸ்கிப்' பொத்தானைத் தட்டித் துரத்துகிறோமே, 2010 டிசம்பரில் அறிமுகமான அந்த ஏற்பாட்டின்படி, துரத்தப்பட்ட விளம்பரத்துக்கு வர்த்தகர் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. 30 விநாடியோ, அதனினும் குறுகியதாயின் முடிவு வரையிலோ பார்த்தால், அல்லது அதைத் தட்டி உள்ளே நுழைந்தால் மட்டுமே கட்டணம் விழும்.

இப்படி இனாமாய் வாய்த்த ஐந்து விநாடியைக் கைகோ என்னும் அமெரிக்க இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி 2015-இல் பிரயோகித்த விதம் ரஸமானது. சாப்பாட்டு மேஜையைச் சுற்றி அமர்ந்த குடும்பமொன்று சொல்ல வேண்டியதைச் சட்டென்று சொல்லி முடித்து, விளம்பரம் தீர்ந்துபோயிற்று, இனி அதைத் தாண்ட வழியில்லை என்ற அறிவிப்போடு சிலையாய் உறைந்துவிட, பிரம்மாண்டமான நாய் ஒன்று மேஜைமீதேறிச் சாவதானமாகத் தட்டுக்களைக் காலி செய்கிறது. அசையாதிருக்க அந்த நடிகர்கள் படுகிற பாடு, பாவம், முகத்திலேயே தெரிகிறது! அவ்வருஷத்துக் கான் விளம்பர விழாவில் திரைப்படப் பிரிவின் உச்சப் பரிசுகளில் ஒன்று இதற்குக் கிடைத்தது. விசித்திரம் என்னவென்றால், மேற்சொன்ன கணக்குப்படி, நாயை ரசிப்பதற்கென்று 30 விநாடி தங்கிவிட்டவர்களுக்குத்தான் கம்பெனி பணம் கட்ட வேண்டும்.